லீவ் லெட்டரை விட்டு வெளியே வருவோம்
டோஃபல் பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

2026 ஜனவரி 21 முதல் டோஃபல் தேர்வின் முகமே மாறியிருப்பது உங்களுக்குத் தெரியும். 0 முதல் 120 வரை இருந்த மதிப்பெண் இப்போது 1 முதல் 6 வரை, அரை அரையாக ஏறுகிறது. எழுத்துப் பகுதியில் மூன்று வேலைகள்: கலைந்து கிடக்கும் சொற்களை வாக்கியமாக அடுக்குவது, ஒரு மின்னஞ்சல் எழுதுவது, வகுப்பு விவாதம் ஒன்றில் தன் கருத்தைச் சேர்ப்பது. விவாதத்துக்குப் பத்து நிமிடம். மின்னஞ்சலுக்கு ஏழே நிமிடம். இந்த மடல் அந்த ஏழு நிமிடத்தைப் பற்றியது.

திரையில் ஒரு சூழல் வரும். யாருக்கு எழுத வேண்டும், என்னென்ன மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்று அதிலேயே இருக்கும். பெறுநர் பேராசிரியராக இருக்கலாம், அலுவலக மேலாளராகவோ உடன் படிப்பவராகவோ இருக்கலாம். மதிப்பெண் 0 முதல் 5 வரை. இலக்கணமும் சொல்வளமும் பார்க்கப்படுகின்றன. அவற்றோடு பணிவு, பெறுநருக்கு ஏற்ற தொனி, செய்தியை அடுக்கிய விதம் ஆகியவையும் எடைபோடப்படுகின்றன. ஆங்கிலம் சரியாக இருந்தும் மரியாதை இடறினால் மதிப்பெண் குறையும் என்று இதற்குப் பொருள்.

பிற தேர்வுகளிலும் மடல் எழுதும் வேலை உண்டு. கனடாவில் குடியேற விரும்புகிறவர்கள் எழுதும் பி.டி.இ. கோர் தேர்வில் ஒன்பது நிமிடத்தில் 50 முதல் 120 சொற்களுக்குள் ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும். செல்பிப் தேர்வில் 27 நிமிடத்தில் 150 முதல் 200 சொற்கள். ஐஇஎல்டிஎஸ் பொதுப் பிரிவில் குறைந்தது 150 சொல்லில் ஒரு கடிதம். ஆனால் படிக்கப் போகும் மாணவர் பேராசிரியருக்கு எழுதும் மடல் என்பது டோஃபலில் தனிப் பொருள் பெறுகிறது. அந்தத் தேர்வில் கேட்கப்படும் வேலைகளில், அமெரிக்காவில் இறங்கிய முதல் வாரத்திலேயே மாணவர் நிஜமாகச் செய்யப்போவது இதைத்தான். வகுப்பை மாற்ற வேண்டும், விசா தாமதத்தால் முதல் வாரம் வர முடியவில்லை, ஆய்வகத்தில் இடம் வேண்டும் என்று எதற்கும் மெயில்தான்.

அப்படிப்பட்ட கேள்விக்கு மாணவர்கள் டெம்ப்ளேட்டை மனப்பாடம் செய்துகொண்டு போவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. முதல் வரி இது, கடைசி வரி இது, நடுவில் மூன்று விஷயத்தையும் செருகிவிட வேண்டும் என்ற பாடம் ஊரெங்கும் நடக்கிறது. அந்த டெம்ப்ளேட்டின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அது ஆறாம் வகுப்பு லீவ் லெட்டரில் போய் நிற்கிறது.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன பெரும்பாலோருக்கு ஆங்கிலத்தில் எழுதக் கிடைத்த முதல் மடல் அதுதான். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கி, ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ என்று முடியும் நாலு வரி. அந்த லெட்டர் மனுவின் குழந்தை. திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டத்துக்குக் கொண்டுபோகும் மனுவிலும் இதே நடைதான்: அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அதிகாரி படிப்பார், ஓரத்தில் உத்தரவு எழுதுவார். மனுவுக்கு அந்த நடை பழகிப்போன ஒன்று. அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பேராசிரியருக்குப் போகும் மின்னஞ்சல் மனு இல்லை. அதைப் படிப்பவர் ஒரு முடிவு எடுக்க வேண்டும். முடிவெடுக்கத் தேவையான விவரம் அவருக்கு வேண்டும்.

ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். உயிரியல் ஆய்வக அறிக்கையை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். புதன்கிழமை மாணவருக்குப் பல் பிடுங்கியிருக்கிறார்கள். வியாழக்கிழமை அவர் பேராசிரியருக்கு எழுதுகிறார். என்ன நடந்தது, வேலை எதுவரை முடிந்திருக்கிறது, என்ன உதவி வேண்டும் என்று மூன்றையும் சொல்ல வேண்டும்.

டெம்ப்ளேட் பழகிய கை இப்படி எழுதும்: ‘ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் எ ஸ்டூடண்ட் ஆஃப் யுவர் எஸ்டீம்டு கிளாஸ். டியூ டு சம் அன்அவாய்டபிள் சர்கம்ஸ்டன்சஸ் ஐ குட் நாட் கம்ப்ளீட் த ரிப்போர்ட். ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி கிராண்ட் மீ சம் எக்ஸ்டென்ஷன் அண்ட் டூ த நீட்ஃபுல் அட் த எர்லியஸ்ட்.’

இலக்கணப் பிழை என்று சிவப்பு மையால் சுழிக்க இதில் ஒன்றும் இல்லை. ஆனால் படித்து முடித்த பேராசிரியருக்கு என்ன தெரிந்தது? எந்த வகுப்பு என்று தெரியவில்லை. அவர் மூன்று வகுப்பு எடுப்பவராக இருக்கலாம். தவிர்க்க முடியாத சூழல் என்றால் என்ன சூழல் என்று தெரியவில்லை. எத்தனை நாள் வேண்டும் என்று இல்லை. பாதியாவது முடிந்ததா என்று இல்லை. பெறுநர் பெண்ணாக இருந்தால் ‘சார்’ என்ற விளியே முதல் அடியில் சறுக்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘அட் த எர்லியஸ்ட்’ என்று கெடு வைப்பது உதவி கேட்பவரே. பணிவுச் சொற்கள் வரிக்கு வரி நிறைந்திருக்க, மடல் மொத்தமாகப் படிப்பவரின் கழுத்தில் கை வைக்கிறது.

இதே மாணவரை இங்கே, தன் கல்லூரித் துறை அறை வாசலில் நிறுத்திப் பாருங்கள். அவர் என்ன பேசுவார்?

‘மேடம், ஒரு நிமிஷம் பேசலாமா? நேத்து கடைவாய்ப்பல் பிடுங்கினாங்க மேடம், முகம் வீங்கிடுச்சு, உட்கார முடியல. லேப் ரிப்போர்ட்ல ரிசல்ட் வரைக்கும் முடிச்சுட்டேன், டிஸ்கஷன் மட்டும்தான் பாக்கி. திங்கள்கிழமை காலைல கொடுத்தா பரவாயில்லையா மேடம்? முடியாதுன்னா இதுவரைக்கும் முடிச்சதை நாளைக்கே கொடுத்துடறேன்.’

இதில் இல்லாதது எது? பேச அனுமதி கேட்டுத் தொடங்குகிறார். நடந்ததை ஒரே வரியில், நம்பும்படியாகச் சொல்கிறார். செய்து முடித்த வேலையைக் காட்டுகிறார். குறிப்பிட்ட நாளைச் சொல்கிறார். கேள்வியாகக் கேட்கிறார். மறுப்பதற்கும் வழி வைக்கிறார். டோஃபல் கேட்ட மூன்றும் வந்துவிட்டன, தொனியும் வந்துவிட்டது. பாக்கி இருப்பது ஆங்கிலம் மட்டும். ‘வுட் இட் பி பாசிபிள் டு சப்மிட் இட் ஆன் மண்டே மார்னிங்? இஃப் நாட், ஐ கேன் சென்ட் வாட் ஐ ஹேவ் டுமாரோ.’ இந்த ஆங்கிலம் பிளஸ் டூ படித்த யாருக்கும் வரக்கூடியதுதான்.

நம் மாணவர்களுக்குப் பணிவாகக் கேட்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் அது உண்மை இல்லை. இதற்கு மொழியியல் உலகமே சாட்சி சொல்லும். மரியாதைப் பேச்சைப் பற்றிய ஆய்வில் உலகம் முழுதும் மேற்கோள் காட்டப்படும் நூல் பெனலப்பி பிரவுனும் ஸ்டீஃபன் லெவின்சனும் எழுதியது. 1978இல் நீண்ட கட்டுரையாக வந்து, 1987இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாகத் தனி நூலானது. அவர்கள் தங்கள் கோட்பாட்டுக்கு ஆதாரமாக மூன்று மொழிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று ஆங்கிலம். இன்னொன்று மெக்சிகோவின் மாயா மொழிகளில் ஒன்றான செல்டால். மூன்றாவது தமிழ். கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் மக்கள் ஒருவரிடம் ஒருவர் எப்படிக் கேட்கிறார்கள், எப்படி மறுக்கிறார்கள், எப்படி வளைத்துச் சொல்கிறார்கள் என்பதை லெவின்சன் களத்திலிருந்து திரட்டினார். ‘கொஞ்சம்’ போட்டுக் கேட்பது, ‘முடியுமா’ என்று முடிப்பது, காரணத்தை முன்னால் வைப்பது எல்லாம் நம் அன்றாடப் பேச்சு. ஆங்கிலத்தில் மரியாதை எப்படி இயங்குகிறது என்று உலகம் படிக்கும் அதே நூலில் கொங்கு நாட்டுப் பேச்சும் பக்கத்தில் இருக்கிறது. இந்தச் செய்தியை உங்கள் வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஆங்கிலம் என்றாலே குறுகி உட்காரும் மாணவர் நிமிர்ந்து உட்காருவார்.

அந்த நூல் இன்னொன்றும் தருகிறது. வகுப்பில் உடனே பயன்படும். ஒரு வேண்டுகோளை எவ்வளவு மென்மையாகச் சொல்ல வேண்டும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன என்கிறார்கள். கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் எவ்வளவு பழக்கம், யாருக்கு யார்மேல் அதிகாரம், கேட்கும் உதவி எவ்வளவு பெரியது. டோஃபலில் பேராசிரியர் என்று வந்துவிட்டால் முதல் இரண்டும் பெரும்பாலும் தீர்ந்த கணக்கு. மாறிக்கொண்டே இருப்பது மூன்றாவதுதான்.

நம் டெம்ப்ளேட்டுகள் தவறுவது சரியாக இந்த இடத்தில். வகுப்பில் காட்டிய ஸ்லைடுகள் எங்கே இருக்கின்றன என்று கேட்பதற்கும், பரிந்துரைக் கடிதம் எழுதித் தரச் சொல்வதற்கும் ஒரே உருக்கம், ஒரே ‘வேல்யுபிள் டைம்’, ஒரே மன்னிப்பு. ஸ்லைடு கேட்பது சின்ன விஷயம். ‘குட் யூ டெல் மீ வேர் ஐ கேன் ஃபைண்ட் த ஸ்லைட்ஸ்?’ போதும். அதற்கு மூன்று வரி மன்னிப்புக் கேட்டால் படிப்பவருக்குச் சங்கடம். பரிந்துரைக் கடிதம் பெரிய உதவி. பேராசிரியரின் ஒரு மாலைப் பொழுதையே எடுத்துக்கொள்ளும். அதற்கு எந்த வகுப்பில் படித்தார், என்ன செய்தார் என்று நினைவூட்ட வேண்டும், கடைசித் தேதியை வாரக்கணக்கில் முன்பே சொல்ல வேண்டும், எழுத இயலாது என்றால் தயங்காமல் சொல்லலாம் என்று இடம் விட வேண்டும். ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப்’ என்ற தொடக்கம் இந்த அளவுக்கான வேண்டுகோளில்தான் தன் வேலையைச் செய்கிறது.

ஆகவே ஒரு பயிற்சி. ஒரே பேராசிரியருக்கு ஒரே மாணவர் மூன்று மடல் எழுதட்டும். ஒன்றில் ஸ்லைடு கேட்கட்டும், ஒன்றில் சந்திக்க நேரம் கேட்கட்டும், ஒன்றில் கெடு நீட்டிப்புக் கேட்கட்டும். மூன்றையும் அடுத்தடுத்து வைத்து வகுப்பே படிக்கட்டும். மடலின் நீளமும் மென்மையும் உதவியின் அளவோடு ஏறி இறங்கியிருக்கிறதா என்று மாணவர்களே சொல்வார்கள். முப்பது டெம்ப்ளேட் கொடுப்பதைவிட இந்த ஒரு மணி நேரம் அதிகம் கற்றுத்தரும்.

‘பிளீஸ்’ போட்டுவிட்டால் மரியாதை வந்துவிடும் என்ற நம்பிக்கையும் வகுப்புகளில் ஆழமாக இருக்கிறது. சைப்ரஸ் நாட்டில் ஆங்கில வழியில் படிக்கும் கிரேக்க மொழி மாணவர்கள் தங்கள் ஆசிரியர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களை மரியா எகொனோமிடு-கொகெட்சிடிஸ் என்ற ஆய்வாளர் அலசினார். 2011இல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘தயவுசெய்து கூடிய விரைவில் பதில் சொல்லுங்கள்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. அதில் ‘பிளீஸ்’ இருக்கிறது. ஆனால் அது கட்டளை. விளி இல்லாத தொடக்கம், நேரடிக் கட்டளை, மென்மைப்படுத்தும் சொற்களின் பஞ்சம், பொருந்தாத விளி என்று அவர் கண்டவை நம் மாணவர்களின் மடல்களைத் திருத்தும் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

தொனிப் பிழையில் ஆபத்து ஏன் அதிகம் என்பதை மொழியியலாளர் ஜென்னி தாமஸ் 1983இலேயே சொல்லிவிட்டார். வேற்று மொழிக்காரர் இலக்கணத்தில் தவறினால், கேட்பவர் ‘மொழி போதவில்லை’ என்று நினைத்துக் கடந்துவிடுவார். தொனியில் தவறினால் அப்படி நினைப்பதில்லை. ‘ஆள் இப்படி’ என்று முடிவு கட்டிவிடுவார். ஆங்கிலம் எவ்வளவு சரளமாக இருக்கிறதோ, அந்த அளவுக்குத் தொனிப் பிழைக்கு மன்னிப்பும் குறையும். நன்றாகப் படிக்கும் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இதில்தான். அவர்களுடைய ஆங்கிலம், மொழி போதவில்லையோ என்று பேராசிரியரைச் சந்தேகப்பட விடாது. ‘கைண்ட்லி ரிப்ளை’ என்று அவர்கள் எழுதுவதை அமெரிக்கர் பொறுமை இழந்தவரின் அதட்டலாகப் படிக்கக்கூடும். ‘தேங்கிங் யூ இன் அட்வான்ஸ்’ என்றால், சம்மதம் கிடைக்கும் முன்பே வாங்கிக்கொண்டதாக ஆகிவிடும். ‘டூ த நீட்ஃபுல்’ பழைய பிரிட்டிஷ் அலுவலக ஆங்கிலத்தின் மிச்சம். இந்தியாவில் இன்னும் புழங்குகிறது, அங்கே பலருக்குப் புரியவே புரியாது.

விளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘டியர் புரொஃபசர்’ என்று எழுதிப் பக்கத்தில் குடும்பப் பெயரைச் சேர்ப்பது எங்கும் பாதுகாப்பானது. ஆணா பெண்ணா என்ற கேள்விக்கே இடமில்லை. முதற்பெயரை மட்டும் சொல்லி அழைப்பதா என்பதை அவர் பதிலில் எப்படிக் கையெழுத்துப் போடுகிறார் என்று பார்த்த பிறகு தீர்மானித்துக்கொள்ளலாம். மடலின் அடியில் மாணவர் தன் பெயரை எழுதும் இடத்திலும் நம்மவர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தமிழ்ப் பெயரில் இனிஷியல்தான்; பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். சில சமயம் வரிசையே மாறியிருக்கும். பல்கலைக்கழகப் பதிவேட்டைப் பார்க்கும் பேராசிரியர் மாணவரை அவருடைய அப்பா பெயரால் கூப்பிடுவார். பதிவேட்டில் உள்ள முழுப் பெயரையும், தன்னை எப்படி அழைக்கலாம் என்பதையும் கையெழுத்திலேயே சேர்த்துப் பழகினால் இரு தரப்புக்கும் நிம்மதி.

தேர்வில் பெறுநர் பெட்டியும் பொருள் வரியும் முன்பே நிரப்பப்பட்டு வரும். அதனாலேயே பொருள் வரி எழுதக் கற்றுத்தராமல் விட்டுவிடாதீர்கள். அமெரிக்கா போனபின் அந்த ஒரு வரிதான் மெயில் திறக்கப்படுமா என்பதைத் தீர்மானிக்கிறது. வகுப்பின் எண், விஷயம், அவ்வளவுதான். ‘அர்ஜென்ட் ரிக்வெஸ்ட்’ என்று போட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. கேட்கும் முன் சிலபஸைப் படித்தாயிற்றா என்பதும் முக்கியம். அமெரிக்கப் பேராசிரியர்கள் செமஸ்டர் தொடக்கத்தில் கொடுக்கும் சிலபஸில் தாமதத்துக்கு எத்தனை மதிப்பெண் குறையும், சந்திக்கும் நேரம் எப்போது என்பதெல்லாம் பெரும்பாலும் இருக்கும். அதில் உள்ளதையே மெயிலில் கேட்பது படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதுபோல் ஆகிவிடும். இன்னொன்று: மாணவரின் கல்விப் பதிவுகளைப் பாதுகாக்க 1974இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது, ஃபெர்பா என்பார்கள். அதன் காரணமாக, சொந்த ஜிமெயிலிலிருந்து மதிப்பெண் பற்றிக் கேட்டால் பலர் பதில் தருவதில்லை. பல்கலைக்கழக முகவரியிலிருந்து எழுதச் சொல்வார்கள்.

இந்தப் பயிற்சியின் பலன் விமானம் ஏறும் முன்பே தெரியத் தொடங்கும். ஆய்வு இடம் தேடி மாணவர்கள் பேராசிரியர்களுக்கு மெயில் போடும் காலம் டோஃபலுக்குப் படிக்கும் அதே காலம்தான். ‘ஐ ஹேவ் கான் த்ரூ யுவர் எஸ்டீம்டு ரிசர்ச்’ என்று ஒரே மெயிலை நூறு பேருக்கு அனுப்புகிறார்கள். பெயரை மட்டும் மாற்றுகிறார்கள், சில நேரம் அதையும் மறந்துவிடுகிறார்கள். அப்படி வரும் மெயில் படிக்கப்படாமலே போகும். அவருடைய ஒரு கட்டுரையை உண்மையிலேயே படித்து, அதில் தான் செய்த புராஜெக்ட்டோடு தொடும் இடத்தை இரண்டு வரியில் சொல்லி, இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்று ஒரு கேள்வி கேட்கும் மடல் அவர் முன் வேறு விதமாக நிற்கும். தேர்வுக்குப் பழகிய அதே ஒழுங்கு இது: யார், என்ன, எது வேண்டும், மறுக்க வழி.

நடைமுறையில் ஒரு சொல். தேர்வுத் திரையில் எழுத்துப்பிழை திருத்தி கிடையாது. போனில் ஆட்டோ கரெக்டோடு டைப் அடித்துப் பழகிய விரல்கள் ஏழு நிமிடத்தில் தடுமாறும். எனவே வகுப்பில் கம்ப்யூட்டர் விசைப்பலகையில், திருத்தியை அணைத்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். முதல் ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு மூன்று விஷயங்களையும் யோசிக்கட்டும். கடைசி ஒரு நிமிடம் பெறுநரின் இடத்தில் இருந்து படிக்கட்டும். நடுவில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் நூறு சொல்லை ஒட்டி எழுதினாலே மடலுக்குப் போதும். ‘ஐ ஹோப் திஸ் ஈமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்’ என்ற வரிக்கு அந்த நூறில் இடம் ஒதுக்க வேண்டியதில்லை. சாட்ஜிபிடியிடம் மாதிரி வாங்கிப் படிக்கும் மாணவர்களிடம் இந்த வரி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும், உரிமையோடு அடித்துவிடுங்கள்.

ஆசிரியர்களே, உங்களிடம் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. அடுத்த பேட்ச்சின் முதல் வாரத்தில் டெம்ப்ளேட் தாளைக் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு மாணவரையும் எழுப்பி, தன் கல்லூரி ஆசிரியரிடம் ஒரு உதவி கேட்பதுபோல் தமிழில் பேசச் சொல்லுங்கள். அவர் பேசியதைக் கரும்பலகையில் வரி வரியாக எழுதுங்கள். அந்த வரிகளைப் பிறகு ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். முதல் மடலை உங்களுக்கே மெயிலில் அனுப்பச் சொல்லி, பேராசிரியர் எப்படிப் பதில் போடுவாரோ அப்படி நீங்களும் ஒரு பதில் போடுங்கள். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் சிரமம்தான். இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிலாவது அனுப்புங்கள்.